திறக்காத கம்ப்யூட்டர்

“இந்தக் கம்ப்யூட்டரைத் தலைமுழுகிட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிடலாம்மா” என்றார் ஏகாம்பரம்.

அரசியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது அரசியம்மாவின் ஆசிரமம். ஏகாம்பரம் மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கையோடு அங்கே வந்து சேர்ந்தவர். குருவுக்கு நாற்பது, சீடருக்கு அறுபதுக்கு மேல். சேருகிறவர்கள் செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வெளியுலகத்தோடு பேச ஆபீஸ் அறையில் இருக்கும் அந்த ஒரே கம்ப்யூட்டர்தான். அதுவும் கிழடு தட்டிப்போனது.

சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடித்து, பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாலும் அது இன்னும் வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவர் புலம்பினார். புலம்ப ஆரம்பித்தால் மனுஷன் லேசில் ஓயமாட்டார்.

அரசியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மகனுக்குப் பதில் போட்டாச்சா ஐயா?”

“போடத்தான் உட்கார்ந்தேன். அது திறந்தாத்தானே?”

மகன் திருமாறன் மஸ்கட்டில் இருக்கிறான். எஸ்தர் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சில்லை. அந்தப் பெண்ணின் பெயரை ஏகாம்பரம் வாயால் சொன்னதே கிடையாது.

அவனிடமிருந்து போன வாரம் ஒரு மெயில் வந்திருந்தது. லீவில் வருகிறேன், உங்களைப் பார்க்க வரலாமா அப்பா என்று கேட்டிருந்தான். இதற்கும் பதில் இல்லையென்றால் இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன் என்றும் எழுதியிருந்தான். நாளை மறுநாள் அவனுக்கு விமானம்.

அரசியம்மா கீரையை எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். டவுனுக்குப் புறப்பட்ட பால்காரரைக் கூப்பிட்டு ஒரு சாமான் வாங்கிவரச் சொன்னார்.

மறுநாள் காலை அரசியம்மா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஆசிரமம் தொடங்குவதற்கு முன்னால் ஈரோட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்த்தவர் அவர்.

உள்ளே பிடிபிடியாகத் தூசி. டார்ச் பிடித்த ஏகாம்பரம் தும்மிக்கொண்டே இருந்தார்.

வாங்கிவந்த புது டிஸ்க் சீட்டுக்கட்டைவிட மெல்லிசாக இருந்தது. இத்தனூண்டு சாமானா இந்தக் கிழத்தை எழுப்பப் போகிறது என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

பழைய டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றும், ஒரு முள் அதில் தேடித் தேடி எடுக்கும், வயசாக ஆகத் தடுமாறும் என்று அரசியம்மா விளக்கினார். புதுசில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. கேட்டதும் கொடுத்துவிடும்.

“மத்ததெல்லாம்?”

“அதே பெட்டி. அதே திரை. உங்க பையன் மெயிலும் அப்படியே இருக்கும்.”

ஏகாம்பரம் டார்ச்சைக் கீழே வைத்தார். பழையதிலிருந்து புதுசுக்கு மாற்றும்போது பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்டார். அவசரமில்லை, அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிப் பார்த்தார்.

அது பாதியில் நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் பழையதில் இருந்ததெல்லாம் புதுசுக்கு வந்துவிட்டது. பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார் அரசியம்மா.

“போடுங்க ஐயா.”

போட்டார். போட்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார்.

“எங்கே?”

“காபி…”

“திறந்தாச்சு.”

திரும்பிப் பார்த்தார். திரை பளிச்சென்று அவருக்காகக் காத்திருந்தது.

வேறு வழியில்லை. உட்கார்ந்தார். மகனின் மெயிலைத் திறந்து மறுபடியும் படித்தார். பதில் எழுதும் இடத்தில் ஒரு கோடு மினுங்கி மினுங்கி மறைந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் துடைத்தார்.

கீபோர்டும் பழசாகிவிட்டது என்றார். ‘வ’ சரியாக விழாது, அதையும் மாற்றிவிட்டால் நிம்மதியாக உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றார்.

அரசியம்மா பழைய டிஸ்க்கை ஒரு கையிலும் திருப்புளியை இன்னொரு கையிலும் எடுத்தார். அவர் குரலில் கேலி இல்லை.

“இதையே திரும்ப மாட்டித் தரட்டுமா ஐயா?”

ஏகாம்பரம் அந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவனும் அந்தப் பெண்ணும் வந்து எதிரே நின்றால் எந்த முகத்தோடு பேசுவது?

“வேண்டாம்மா” என்றார்.

திரைப் பக்கம் திரும்பினார். ஒற்றை விரலால் தட்டினார். ‘வ’ நன்றாகத்தான் விழுந்தது.

“வாப்பா. எஸ்தரையும் கூட்டிக்கிட்டு வா.”