திருப்பிப் போடாத ஹெட்போன்

"பொன்னுரங்கம் அண்ணன் மிக்ஸ் பண்ணா இப்பல்லாம் பாட்டு இடது பக்கமா சாயுதுப்பா. ஒரு கால் குட்டையான நாற்காலியில உட்கார்ந்த மாதிரி இருக்கு."

ஸ்டுடியோவின் தண்ணீர் கேன் அருகே நின்று பாடகர் தபலாக்காரரிடம் சொன்னது இது. கதவுக்குப் பின்னால் பொன்னுரங்கம் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"சாயட்டும் விடு. உன் சுருதி மட்டும் நேரா நின்னுச்சா?"

இருவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை பொன்னுரங்கம் குனிந்தபடியே இருந்தார். பிறகு உள்ளே போய் ஆம்ப்ளிஃபயரின் ஒயர்களைப் பிடுங்கினார். அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு பஸ் ஏறினார்.

சாலிகிராமத்தில் பக்திப் பாடல்கள் பதிவு செய்கிற சின்ன ஸ்டுடியோ அது. தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் கலந்து, எது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. முப்பது வருஷமாக அது ஒன்றுதான் தெரியும். முதலாளி நேற்று கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தார்.

"நாளன்னைக்கு அம்மன் ஆல்பம். எட்டுப் பாட்டு. இதுவும் சாஞ்சுதுன்னா நான் வேற ஆள் பாக்கணும் ரங்கம். தப்பா எடுத்துக்காத."

திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

ரிச்சி தெருவில், மாடியில், ஒரே அறை. அங்கே சுபைதா உட்கார்ந்திருப்பாள். ஹெட்போன், ஆம்ப், சவுண்ட் கார்டு இவற்றில் எதற்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுப்பது அவள் தொழில். பதினொரு வருஷத்துக்கு முன்னால், விலை உயர்ந்த ஹெட்போன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, இது செத்துப்போன சரக்கு என்று சண்டைபோடத்தான் பொன்னுரங்கம் முதலில் அங்கே போனார்.

"ஹெட்போன் மேல குத்தம் இல்லண்ணே. உங்க கம்ப்யூட்டர் கார்டுக்கு இதைத் தள்ளுறதுக்கு மூச்சு இல்ல," என்றாள் அவள்.

ஒரு சின்ன ஆம்ப்பை நடுவில் வைத்தாள். ஹெட்போன் உயிர் பெற்றது. அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது, அவளுக்கு இருபத்தைந்து. அன்றிலிருந்து அவளை டீச்சர் என்று கூப்பிடுகிறார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது.

இப்போது பையை மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், இந்த ஆம்ப்பும் சரியில்ல. இடது பக்கம் சத்தே இல்ல."

"எப்பலேர்ந்து?"

"வாங்கின அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள்லேர்ந்து பழைய கதை."

"போன தடவை வாங்கினதும் அப்படித்தானே?"

"அதுவும் அப்படித்தான். அந்த ஹெட்போனுக்கும் இந்த ஆம்ப்புக்கும் ஒத்துப்போகல."

சித்திரையிலிருந்து அவர் இரண்டு ஆம்ப் மாற்றியிருந்தார். ஒரு சவுண்ட் கார்டு. மூன்று ஹெட்போன். ஒவ்வொன்றும் முதல் நாள் அற்புதமாக இருந்தது. முதல் நாள் எல்லாவற்றையும் சத்தமாக வைத்துக் கேட்பது அவர் வழக்கம்.

சுபைதா எழுந்து மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்தாள். மூன்றையும் மூன்று ஆம்ப்களில் செருகினாள். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, குமிழ்களைத் திருகி, மூன்றும் ஒரே அளவு சத்தம் தரும்படி வைத்தாள். அதற்குக் கால் மணி நேரம் ஆனது.

"எதுக்கு இவ்வளவு?"

"சத்தம் கூட இருக்கிறது எப்பவும் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். உங்களுக்குத் தெரியாததா?"

ஒரு பெண் குரல் ஓடியது. வாத்தியம் இல்லை. இரண்டு பக்கமும் அதே குரல், அதே அளவு.

"குரல் எங்க நிக்குதுன்னு விரலால காட்டுங்க."

முதல் ஹெட்போனை மாட்டினார். நெற்றிக்கு நேரே விரலைக் கொண்டுபோனார். விரல் நிற்காமல் வலது புருவத்தைத் தாண்டி நகர்ந்து நின்றது.

"அடுத்தது."

அதே இடம்.

மூன்றாவதில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விரல் அங்கேதான் போனது.

"மூணுலயும் இடது பக்கம் பழுதா அண்ணே?"

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"திருப்பிப் போட்டுப் பாருங்க."

ஹெட்போன் விற்கிற இடங்களில் இது முதல் பாடம். ஒரு பக்கம் சத்தம் குறைகிறதென்று யார் வந்தாலும், ஹெட்போனைத் திருப்பி மாட்டச் சொல்வார்கள். குறை மறுபக்கம் போனால் பொருளில் கோளாறு. போகாமல் அதே பக்கம் நின்றால், பொருளில் ஒன்றுமில்லை. பொன்னுரங்கம் எத்தனையோ பாடகர்களை அப்படித் திருப்பி மாட்டச் சொல்லியிருக்கிறார்.

"அதெல்லாம் கத்துக்குட்டிங்க பண்றது டீச்சர்."

"சித்திரையில சொன்னேன். வைகாசியில சொன்னேன். ரெண்டு தடவையும் இதையேதான் சொல்லிச் சிரிச்சீங்க."

"நான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேம்மா."

"அதனாலதான் செய்யல. தெரியாதவனா இருந்தா முதல் நாளே செஞ்சிருப்பான்."

அவருக்குக் கோபம் வந்தது. எழுந்தார். பையை எடுத்தார். ஆம்ப்பை உள்ளே வைக்காமலே ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு ஆம்ப் மேஜைமேலேயே இருப்பதைப் பார்த்தார்.

"ஆறு பொருளை மாத்தியாச்சு," என்றாள் சுபைதா. அவள் குரல் உயரவில்லை. தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "இது ஒண்ணுதான் பாக்கி."

"நீ எப்பக் கண்டுபிடிச்ச?"

"உங்களுக்கு போன் வந்தா இடது கையிலதான் எடுப்பீங்க. வலது கை எப்பவும் மவுஸ் மேலயே இருந்து பழகினது. சித்திரையிலேர்ந்து வலது கையில எடுக்குறீங்க. உங்களுக்கே தெரியாமத்தான் மாத்தியிருக்கீங்க."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். தெரியாதவரின் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்தார்.

மூன்றாவது ஹெட்போனை எடுத்தார். ஓரத்தில் எழுதியிருந்த எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். இடது பக்கத்தை வலது காதிலும் வலது பக்கத்தை இடது காதிலுமாக மாட்டிக்கொண்டார்.

சுபைதா குரலை மறுபடி ஓட விட்டாள்.

அவர் விரலைத் தூக்கவில்லை. தூக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தை அவள் பார்த்துவிட்டாள். தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பாட்டு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் ஹெட்போனைக் கழற்றினார். கீழே யாரோ மெமரி கார்டு, சார்ஜர் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். கூவுகிற ஆள் இடப்பக்கம் நிற்கிறானா வலப்பக்கமா என்று அவர் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

"டாக்டர் கிட்ட போனா?"

"இன்னைக்கே போங்க."

"சித்திரையிலேயே போயிருந்தா?"

அவள் ஒயரைச் சுருட்டினாள். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினாள்.

"என் அத்தா அப்படித்தான் கேட்டார்," என்றாள். "திடீர்னு காது அடைச்சுச்சு. சளின்னு நினைச்சு ஆறு வாரம் ஆவி பிடிச்சார். அப்புறம் போய் டாக்டரை இதே கேள்வி கேட்டார்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அடுத்த ஆளைக் கூப்பிட்டார்."

பொன்னுரங்கம் தலையை ஆட்டினார். ஒரு முறை ஆட்டியவர் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு வீட்ல சொல்லிக்க வேற தொழில் கிடையாது டீச்சர்."

"தெரியும்."

"எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதைவிட இதை நல்லாக் கத்துக்கிட்டேன்."

"தெரியும்ணே."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஆம்ப்களும் சின்ன விளக்குகளை எரியவிட்டுக் காத்திருந்தன. அவற்றில் நடுவில் இருந்ததன் முகத்தில் இடது வலது அளவை மாற்றுகிற தனிக் குமிழ் ஒன்று இருந்தது. பொன்னுரங்கத்தின் கண் அதில் போய் நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், இப்படிச் செஞ்சா என்ன?"

"சொல்லுங்க."

"எனக்கு எவ்வளவு குறையுதுன்னு அளந்துடுவோம். மீட்டர் இருக்குல்ல? அந்த அளவுக்கு இடது பக்கத்தை ஏத்தி வெச்சுடுவோம். குரல் நடுவுல வந்து நின்னுடும். அப்புறம் எப்பவும்போல மிக்ஸ் பண்ணலாம். யாருக்கும் சொல்ல வேண்டாம்."

அவர் குரலில் உயிர் வந்திருந்தது. கையே அளவுகோலாக, காற்றில் ஏற்றியும் இறக்கியும் காட்டினார்.

சுபைதா அந்தக் குமிழைத் திருகினாள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். ஹெட்போனை அவரே மாட்டிக்கொண்டார். அவர் விரல் வலது புருவத்திலிருந்து நகர்ந்து, மூக்குக்கு நேரே வந்து நின்றது.

"இங்கதான்! இங்கதான் நிறுத்து! நடுவுல நிக்குது பாரு."

"நிக்குது."

"அப்போ இந்த ஆம்ப் எனக்குப் பொருந்துது. பொருந்துதுல்ல?"

அவள் அவரெதிரே உட்கார்ந்தாள். அவருக்குக் கேட்கும்படி வலப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்குப் பொருந்துது. நாளைக்குக் காது இன்னும் குறைஞ்சா எவ்வளவு ஏத்தணும்னு யாரைக் கேட்பீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். குமிழைப் பார்த்தார். நடுவில் நின்றிருந்த விரலை மடக்கிக்கொண்டார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். அம்மன் ஆல்பத்துக்கு வேறு ஆளை உட்காரவைக்கச் சொன்னார். யாரை என்று அங்கே கேட்டார்கள். ஒரு பெயரைச் சொன்னார், நம்பரையும் சொன்னார்.