தாள் ஓடுகிற நேரம்

"அவன் காதுல விழுந்துச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, டீச்சர்."

மலை ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே மெய்ரோங் கேட்டுவிட்டாள். கையிலிருந்த ஆரஞ்சுப் பழப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

யாவோ டீச்சர் கரியடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து தினைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"யார் காதுல?"

"என் பையன் ஜியேன் காதுல."

"என்ன விழுந்துச்சான்னு கேக்கறீங்க?"

மெய்ரோங் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

கீழே இருந்த ஊரில் ஒரே ஒரு பெரிய பள்ளிக்கூடம். சீன நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து பிள்ளைகள் கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்க அங்கே வந்தார்கள். பிள்ளையோடு தாயும் வருவாள். பள்ளியைச் சுற்றி ஏதாவது ஒரு மாடியில் அறை பிடிப்பாள். சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு, பரீட்சை முடிகிறவரை அங்கேயே கிடப்பாள். அந்த ஊரில் எந்தத் தாய்க்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஒருத்தி பிங்பிங் அம்மா. இன்னொருத்தி ஜியேன் அம்மா.

பிள்ளைகளைக் கவிழ்ப்பது இங்கிலீஷ்தான். அதிலும் கேட்கும் தாள்.

ஸ்பீக்கரில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இங்கிலீஷில் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் கேள்வி வரும். மூன்று பதில்களில் சரியானதைக் குறிக்க வேண்டும். குறிப்பதற்குக் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அடுத்த பேச்சு. கவனம் தப்பினால் தப்பியதுதான். அது யாருக்காகவும் நிற்காது.

அதனால் தினமும் சாயங்காலம் பயிற்சித் தாள் ஓடுகிற நேரத்தில் மாடி மாடியாக ஊரே வாயை மூடிக்கொள்ளும். தாய்மார் துணிச்செருப்புக்கு மாறுவார்கள். கதவுக் கீலுக்குச் சமையல் எண்ணெய் விடுவார்கள். பாத்திரத்துக்குக் கீழே துணியை மடித்து வைப்பார்கள். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள்.

பதிவில் கேட்கும் அந்தப் பெண் குரல் யாவோ டீச்சருடையது. கேள்விகளை எழுதியவளும் அவள்தான். ஒரு வருடம் திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலைமேல் வந்து தனியாக உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். குரல் மட்டும் கீழே வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு மெய்ரோங்குக்கு முன்னால் ஒரு தகப்பன் வந்திருந்தான். அவன் இன்னும் வாசலில் நின்று ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு, டீச்சர். பதில் தெரியலைன்னா நடுவுல இருக்கறதையே குறிச்சுட்டு வரச் சொல்லவா?"

"தெரியலைன்னு குறிக்க இடம் இருக்கா?"

"இல்லையே."

"நான் வைக்கல. அதுதான் நான் செஞ்ச தப்பு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனான். இதில் ஏதோ குறிப்பு இருக்கிறது, வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று நினைத்தது போலிருந்தது.

மெய்ரோங் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தாள். அது சத்தம் வராமல் தரையில் உட்கார்ந்தது. பையை அப்படித்தான் வைக்க அவள் கைக்குத் தெரியும்.

"உட்காருங்க, அக்கா."

டீச்சர் அவளைவிடச் சின்னவள். அந்தக் குரலை மூன்று வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டவளுக்கு, அது இப்போது தன்னை அக்கா என்று கூப்பிட்டது நம்ப முடியாததாக இருந்தது. உட்கார்ந்தாள். வீட்டில் கேஸை மூடினோமா என்று அந்த நேரத்திலும் ஒரு கவலை எழுந்தது. மூடியிருப்போம். மூடினதைப் பார்த்தோமே. பார்த்தோமா?

"எம் புருஷன் போயிட்டார், டீச்சர்."

"எப்போ?"

"வசந்த விடுமுறையில. கல்லு அறுக்கற இடத்துல வேலை. நெஞ்செல்லாம் தூசி. இனிமே முடியாதுன்னு எங்ககூட வந்து இருந்தார். ராப்பகலா இருமல். தாள் ஓடற நேரத்துல மட்டும் போர்வைய வாயில அடைச்சுக்கிட்டு இருமுவார். நான் சொல்லல. அவரா செஞ்சார்."

கடைசி இரண்டு வாக்கியங்களை அவள் மறுபடியும் சொன்னாள். "நான் சொல்லல. அவரா செஞ்சார்."

டீச்சர் கஞ்சியைக் கிளறினாள்.

"அன்னிக்கு தாள் ஓடிட்டிருந்தது. பையன் உள்ளே கதவைச் சாத்திட்டு இருந்தான். நான் வெளியில ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தேன். இவர் தண்ணி குடிக்க அடுக்களைக்குப் போனார். குவளை விழுந்த சத்தம் கேட்டுது. எனாமல் குவளை. சரி, கை தவறிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் இன்னொரு சத்தம். குதிகாலைத் தரையில தேய்க்கற மாதிரி."

"எழுந்தீங்களா?"

"பாதி எழுந்தேன். அந்த இடத்துல தரைப் பலகை முனகும், டீச்சர். தாள் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்துச்சு. உங்க குரலை வச்சே எனக்குத் தெரியும், கடைசிப் பேச்சுக்கு வந்துட்டீங்க."

"உட்கார்ந்துட்டீங்க."

"உட்கார்ந்துட்டேன்."

அடுப்பில் ஒரு கரி வெடித்தது.

"முடிஞ்சதும் ஓடினேன். அவர் சுவரோரமா கிடந்தார். உடனே போயிருந்தா பிழைச்சிருப்பாரான்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். சொல்ல முடியாதுன்னார் டாக்டர். அது என் பாடு. நான் சுமந்துக்குவேன். அதுக்காக நான் இங்க வரல."

"பின்னே?"

"அந்தச் சத்தம் என் பையன் காதுல விழுந்துச்சா? பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அவன் மேசை. விழலைன்னா அவன் பிழைச்சுக்குவான். விழுந்திருந்தா..." மெய்ரோங் புடைத்திருந்த விரல் முட்டிகளைத் தேய்த்துக்கொண்டாள். "விழுந்திருந்தா அவன் எப்படி டீச்சர் இருப்பான்?"

"அவனையே கேட்க வேண்டியதுதானே?"

"சாப்பிட்டேம்பான். எழுதினேம்பான். சரிம்பான். அந்த மூணுக்கு மேல அவன் வாயில பேச்சு வந்து மாசக்கணக்காச்சு. பக்கத்து அறை பிங்பிங் அம்மா சொல்றா, அன்னைக்கு எழுதின தாள்ல அவனுக்கு எல்லாமே சரி, வேற சத்தம் காதுல விழுந்திருந்தா ஒண்ணாவது தப்பாயிருக்கும், அதனால விழல, மனசைத் தேத்திக்கோன்னு. அவளே இன்னொண்ணும் சொன்னா. அவர் விடுமுறையில போனதுகூட நல்லதுதானாம், பையனுக்கு ஒரு வகுப்பும் தவறலையாம்."

"பிங்பிங் அம்மா கெட்டிக்காரி."

"தாள் செஞ்சவங்க நீங்க. அவ சொல்றது சரிதானா? எல்லாம் சரியா எழுதினவன் காதுல வேற எதுவும் விழாதுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இறங்கிப் போயிடறேன்."

டீச்சர் கரண்டியை வைத்துவிட்டு, பானையை அரைகுறையாக மூடி எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மெய்ரோங்குக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அடுப்பு இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஒரு தாள் வாசிக்கறேன். கேளுங்க."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏழாவதோட நிறுத்திட்டாங்க."

"பரவாயில்ல. கேளுங்க."

டீச்சர் வாசிக்க ஆரம்பித்தாள். கையில் தாள் எதுவும் இல்லை. ஆண் பேசுகிற இடத்தில் குரலைத் தாழ்த்தினாள், பெண் பேசுகிற இடத்தில் உயர்த்தினாள். மெய்ரோங்கின் முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டு கையும் மடியில் சேர்ந்தன. மூச்சு மெலிந்தது.

டீச்சரின் தோளுக்குப் பின்னால் கஞ்சி எழும்பியது.

மெய்ரோங் பார்த்தாள். நுரை விளிம்புக்கு வந்தது, வழிந்தது, கரியில் விழுந்து சுரீரென்றது. புகை கிளம்பியது. அடிப்பிடிக்கிற வாடை வந்தது. டீச்சர் வாசித்துக்கொண்டே இருந்தாள். பானையின் மூடி சரிந்து தரையில் விழுந்து சுழன்று நின்றது.

டீச்சர் வாசித்து முடித்தாள். மௌனமாக இருந்தாள். பிறகு கேட்டாள்:

"கடைசியில என்ன வாசிச்சேன்?"

அர்த்தம் எதுவும் தெரியாமலே, அந்த ஏற்ற இறக்கத்தோடு, மெய்ரோங் கடைசி வரியை அப்படியே திருப்பிச் சொன்னாள். ஒரு சத்தம்கூடப் பிசகவில்லை.

"ரொம்ப சரி. நான் வாசிக்கறப்போ இங்க என்ன நடந்துச்சு?"

"கஞ்சி பொங்கிடுச்சு."

"அப்புறம்?"

"அடிப்பிடிச்சுது. மூடி விழுந்துச்சு."

"மூடிச் சத்தம் காதுல விழுந்தும் நான் வாசிச்சது தப்பலையா?"

மெய்ரோங் தரையில் கிடந்த மூடியைப் பார்த்தாள்.

"ரெண்டும் விழுந்துச்சு," என்றாள் கடைசியில்.

டீச்சர் எழுந்து போய்ப் பானையை இறக்கினாள். சாம்பல் பறந்தது.

மெய்ரோங் அழவில்லை. காலுக்குக் கீழே தரை எங்கேயாவது முனகுகிறதா என்று பார்ப்பவள்போல அசையாமல் இருந்தாள்.

"இனிமே நான் என்ன செய்யட்டும்?"

"அவன் அறைக் கதவு பூட்டியிருக்குமா?"

"இல்ல. தள்ளினா திறக்கும்."

டீச்சர் பானையின் அடியைச் சுரண்டினாள்.

"சரி," என்றாள் மெய்ரோங். "இன்னிக்கே போய்த் திறக்கறேன். தாள் முடிஞ்ச கையோட."

டீச்சர் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"போன தடவையும் முடிஞ்சப்புறம்தானே போனீங்க, அக்கா?"

மெய்ரோங் ஊர் வந்து சேர்ந்தபோது தாள் ஆரம்பித்துவிட்டிருந்தது. தெரு அடங்கிக் கிடந்தது. மாடிப்படியில் பிங்பிங் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். துணியை விரித்து அதன்மேல் பலகை வைத்து, கத்தியைத் தட்டாமல் அழுத்தி அழுத்தி நறுக்கினாள். மெய்ரோங்கைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

மெய்ரோங் தலையசைத்தாள். வெளிச்செருப்பைக் கழற்றித் துணிச்செருப்பை மாட்டிக்கொண்டாள். கை தானாகச் செய்தது. உள்ளே போனதும் முதலில் கேஸைத்தான் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

மகனின் கதவுக்குப் பின்னால் யாவோ டீச்சரின் குரல், இன்னும் வயது குறைந்த குரல், எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

மெய்ரோங் கைப்பிடியைப் பிடித்தாள்.

தள்ளக் கை வரவில்லை. பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசு கணக்குப் போட்டது. ஒரு தாள் கெட்டால் என்ன ஆகும் என்று போட்டது. வாசல் வழியாக எட்டிப் பார்த்த பிங்பிங் அம்மா கத்தியும் கையுமாகக் காற்றில் என்னென்னவோ சைகை செய்தாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்று மூச்சிலேயே சொன்னாள். "ஓடிட்டிருக்கு!"

மெய்ரோங் கதவைத் தள்ளினாள்.

எண்ணெய் விட்ட கீல். சத்தமே இல்லாமல் திறந்தது.

மேசைமேல் விளக்கு எரிந்தது. தாள் விரித்திருந்தது. பென்சில் அதன்மேல் கிடந்தது. நாற்காலி காலி.

ஜியேன் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். அடுக்களைப் பக்கத்துப் பலகைத் தடுப்பில் ஒரு காதை வைத்திருந்தான். கண்களை இறுக மூடியிருந்தான். அவன் முதுகு அவள் பக்கம் இருந்தது.

ஸ்பீக்கரில் பேச்சு முடிந்து கேள்வி வந்தது. அதன் பிறகு, பதில் குறிக்கிற மௌனம். அந்த மௌனத்தில் அவன் காதை இன்னும் அழுத்தி வைத்தான்.

"ஜியேன்."

அவன் துள்ளித் திரும்பினான். தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் காலைப் பார்த்தான்.

"எப்போ வந்தே?"

"இப்பதான். வெளியில போயிருந்தேன்."

"எனக்குத் தெரியல." பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை கரகரத்தது. "நீ உள்ளே இருக்கியா, விழுந்து கிடக்கியான்னு எனக்குத் தெரியறதே இல்ல. நீ ஒரு சத்தமும் போடறதில்லயே, அம்மா."

மெய்ரோங் நின்றாள். ஸ்பீக்கரில் ஆண் ஏதோ கேட்டான், பெண் பதில் சொன்னாள்.

அவள் துணிச்செருப்பை உதறினாள். வெறுங்காலோடு அடுக்களைக்குப் போனாள். முனகும் பலகையை மிதித்துக்கொண்டே போனாள். அலமாரியின் மேல்தட்டில், பழைய துண்டில் சுற்றி, கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்த அந்த எனாமல் குவளையை எடுத்தாள். துண்டைப் பிரித்தாள். கையை நீட்டிப் பிடியை விட்டாள்.

குவளை விழுந்து, எகிறி, உருண்டு, சுவரோரம் போய் நின்றது.

மேல்மாடியில் யாரோ காலால் தரையை ஓங்கி இடித்தார்கள்.

"கேட்டுச்சா?" என்றாள் மெய்ரோங், பலகைத் தடுப்பைப் பார்த்து.

"கேட்டுச்சு."

தாள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேள்வி வந்தது. அதற்கான மௌனமும் வந்தது.

"அன்னிக்கும் கேட்டுச்சு, அம்மா."