பெறுநர்: நிழல்தந்த நாதர்

கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம்.

நெய்விளக்கூர் நிழல்தந்த நாதர் கோயிலில் அபிஷேகத்துக்குத் தண்ணீர் சுமந்தவர் மாசிலாமணியார். நாளொன்றுக்கு நாற்பது குடம். முதல் குடத்தில் 'சிவாய நம' என்று தொடங்கினால், நாற்பதாவது குடம் இறங்கும்வரை உதடு ஓயாது. ஒருமுறை கடும் காய்ச்சலோடு சுமந்தபோது தோளில் இருந்த தண்ணீர் வெந்நீராகிவிட்டது. மார்கழி மாதமாதலால் சுவாமி தரப்பில் ஆட்சேபம் எதுவும் எழவில்லை.

அவருக்கு ஐம்பத்தொரு வயதானபோது கோயில் நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது: மூன்று ஆண்டுக்குள் பத்தாம் வகுப்பு தேறாதவருக்குக் கோயிலில் வேலை இல்லை. மற்றப் பாடங்களில் மாசிலாமணியார் ஒரே மூச்சில் தேறிவிட்டார். ஆங்கிலம் மட்டும் நின்றது. முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் ஐந்து முறையும் முப்பத்துமூன்று.

மாலை வகுப்பு நடத்திய ஃபிலோமினா டீச்சர் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். பத்தியைப் படித்து விடை எழுதுவதில் பழுதில்லை. விடுப்புக் கடிதத்தில்தான், தலைமையாசிரியருக்கு என்று எழுதவேண்டிய இடத்தில், 'நிழல்தந்த நாதர், கருவறை' என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுவார். பெறுநர் தவறு என்று ஒவ்வொரு முறையும் இரண்டு மதிப்பெண் போகும்.

"ஹெட்மாஸ்டர்னு போடுங்கண்ணே. ஒரே ஒரு வார்த்தைதான."

"அவருக்கு நான் தண்ணி சொமக்கலியே டீச்சரம்மா. அவருகிட்டப் போயி எப்படி லீவு கேக்கறது?"

"பரீட்சைக்குச் சும்மா எழுதுறதுண்ணே."

"இங்கிலீசுல எழுதினா மட்டும் பொய்யி, பொய்யில்லன்னு ஆயிருமா?"

மடைப்பள்ளிக்காரர்கள் விடுவார்களா? "ஏன்யா மாசிலாமணி, ஒங்க சாமிக்கு இங்கிலீசு தெரியுமா?" என்பார்கள்.

"எழுதுற எனக்கே பாதிதான் புரியுது. மீதி அவருக்குப் புரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குடத்துக்குப் போய்விடுவார்.

ஆறாவது தேர்வுதான் கடைசி. அதிலும் விடுப்புக் கடிதமே வந்தது. தேறாவிட்டால் நாளை முதல் குடத்தைத் தொடமுடியாது. ஆகவே மாசிலாமணியார் உள்ளதை எழுதினார்: 'முப்பது வருடம் சுமந்தேன். இனி விடமாட்டார்கள். எனவே என்றைக்குமாக விடுப்புத் தர வேண்டுகிறேன். தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்.' பெறுநர் மாறவில்லை.

விடைத்தாள் திருத்தியவர் கறாரானவர். சொந்த மைத்துனனையே மூன்று முறை தோற்கடித்தவர். இரண்டு மதிப்பெண்ணைக் கழிக்கச் சிவப்புப் பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடிதத்தின் கீழே, ஈரம் காயாத பச்சை மையில், பிழையில்லாத ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது: 'விடுப்பு மறுக்கப்படுகிறது. வழக்கம்போல் பணிக்கு வரவும்.' பக்கத்தில் கையெழுத்து, கோயில் முத்திரை. தாளெல்லாம் விபூதி மணம்.

தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை படித்தார்.

"என்ன சார் பண்றது?"

"பெறுநரே பதில் போட்டுட்டாருய்யா. அப்புறம் பெறுநர் தப்புன்னு எப்படிக் கழிப்பே? ரெண்டையும் போடு."

முப்பத்தைந்து. மாசிலாமணியார் குடத்தைக் கீழே வைக்கவேயில்லை.

தேர்வுத்தாளில்கூடப் பொய்யெழுதத் தெரியாமல், ஆண்டவனையே ஆங்கிலத்தில் கையெழுத்திட வைத்த அந்த அடியாரை நினைத்தால் நெஞ்சு குளிரும்.

இத்தனைக்கும் அந்த ஆண்டு வெள்ளத்தால் ஆங்கிலத் தேர்வே நடக்கவில்லை. எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள்.