மிச்ச ரவைகள்

"ரீச்சர், என்ர மனம் ஒரு இடத்திலை நிக்குதில்லை. அதை நிப்பாட்ட ஒரு வழி சொல்லுங்கோ."

நாயகம் கராஜ் வாசலில் நின்றபடியே கேட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

உள்ளே ஜெயவதி ஈயம் வார்த்துக்கொண்டிருந்தார். புகை வெளியேற வேண்டுமென்று பெரிய கதவைப் பாதி உயர்த்தி விட்டிருந்தார். அதன் வழியே பனிக்காற்று உள்ளே வந்தது.

"சப்பாத்தைத் தட்டிப்போட்டு வாங்கோ அண்ணை. உருகின ஈயத்துக்குக் கிட்டத் தண்ணி வரக்கூடாது."

நாயகம் பனியைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார்.

ஜெயவதி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்ல. நாயகத்தை விட வயதிலும் இளையவர். கனடாவின் வடக்கே, பனி நீண்ட காலம் கிடக்கும் அந்தச் சிறு நகரத்தில், துவக்குக்கு அனுமதி வைத்திருந்த தமிழர் நாலைந்து பேர் வீட்டிலேயே துப்பாக்கி ரவை செய்யப் பழகியது அவரிடம். அதனால் ரீச்சர்.

சுட்டு முடிந்த பித்தளைக் கோதைப் பொறுக்கிக் கழுவுவார்கள். அதற்குள் வெடிமருந்தை அளந்து போட்டு, வாயில் ஈயக் குண்டை அமர்த்துவார்கள். கோது மறுபடி ரவையாகிவிடும். சிலருக்குத் தூண்டில் பொழுதுபோக்கு, இவர்களுக்கு இது.

"என்ன நடந்தது?" ரீச்சர் அச்சை மூடி ஈயத்தை ஊற்றினார்.

"மருந்து போட்டுக்கொண்டு இருக்கேக்கை என்ர மனிசி கூப்பிட்டவள். போயிட்டு வந்தன். எந்தக் கோதிலை விட்டனான் எண்டு தெரியேல்லை."

"பிறகு?"

"ஒரு கோதிலை திரும்பவும் போட்டனோ எண்டு ஒரு யோசினை."

ஈயக் குண்டுக்குக் கொஞ்ச மருந்துதான் வேண்டும். கோது பெரிது. இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. குண்டு மேலே அமர்ந்துவிட்டால் வெளியே தெரியவும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். துவக்கு பிளந்தால் அது சுடுகிறவன் முகத்துக்குப் பக்கத்தில்தான் பிளக்கும்.

"குண்டு வைக்க முதல் ரோச் லைற் அடிச்சு எல்லாக் கோதுக்குள்ளையும் பாக்கச் சொல்லித் தந்தனான் எல்லோ?"

"ஓம்."

"பாத்தனீங்களோ?"

"அவசரத்திலை…" நாயகம் பெட்டியைப் பார்த்தார்.

"நிறுத்துப் பாத்தனீங்களோ?"

"பாத்தன். கோதுகள் ஒண்டைப்போல ஒண்டில்லை. எல்லாம் ஒவ்வொரு நிறை. ஒண்டும் பிடிபடேல்லை. குலுக்கியும் பாத்தன். ரீச்சர், அனேகமா ஒண்டும் இராது. எனக்குத் தெரியும். ஆனால் நித்திரை இல்லை. மனிசி தேத்தண்ணி வைச்சால் ஆறிப்போகுது. இது மனநோயோ எண்டு கூட நினைக்கிறன். அதுதான் கேக்கிறன். மனத்தை என்ன செய்யிறது?"

ரீச்சர் கையுறையைக் கழற்றினார். சுவரோரம் சாத்தியிருந்த தன் துவக்கை எடுத்து நாயகத்தின் கையில் கொடுத்தார். நாயகத்தின் பெட்டியைத் திறந்து ஒரு ரவையை எடுத்து மற்றக் கையில் வைத்தார்.

"பின்னுக்கு மண்மேடு இருக்கு. போய்ச் சுட்டுப்போட்டு வாங்கோ."

நாயகம் போனார்.

மண்மேட்டின் முன் நின்றார். உள்ளங்கையில் ரவை குளிர்ந்தது. ஒன்றும் இராது என்று சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்லக் கை இறுகியது. ரவை அப்படியே கைக்குள் கிடந்தது.

திரும்பி வந்தார்.

"ஏலாது, ரீச்சர்."

ரீச்சர் தன் ஏப்ரன் பையிலிருந்து ஓர் இரும்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். துவக்கின் போல்ட். அது இல்லாமல் அந்தத் துவக்கு வெடிக்காது.

"நீங்கள் துவக்கைக்கூடப் பாக்கேல்லை, அண்ணை."

நாயகம் குனிந்து பார்த்தார். துவக்கின் பின்பக்கம் வெறும் ஓட்டையாக இருந்தது.

"உங்கட மனம் நல்லாத்தான் வேலை செய்யுது. அதை ஏன் நிப்பாட்டச் சொல்லுறியள்?"

சுத்தியல் போன்ற ஒரு கருவியை அவர் பக்கம் தள்ளினார். ரவையை அதற்குள் மாட்டி மரக்குற்றியில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்றுவிடும். மருந்தை ஒரு தட்டில் கொட்டித் தராசில் வைக்கலாம்.

"உடையுங்கோ."

நாயகம் உடைத்தார்.

முதலாவது. தராசு முள் கோட்டில் நின்றது. சரி.

அடுத்தது. சரி.

அதற்கடுத்ததும் சரி.

ஒவ்வொன்றும் சரியாக வர, நாயகத்தின் தோள்கள் கீழே இறங்கின. கடைசி ரவைகளைத் தட்டும்போது ஏதோ பழைய பாட்டைக்கூட வாய்க்குள் முணுமுணுத்தார்.

"பாத்தீங்களே! எல்லாம் சரி. நான் ஒரு விசரன், ரீச்சர். வீண் பயம். மனிசி சொல்லுறது சரிதான். சண்டைக்குப் பயந்து ஓடி வந்த மனிசன் இஞ்சை கராஜுக்குள்ளை இருந்து ரவை செய்யிறார் எண்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்."

ரீச்சர் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரவைகளை நிறுத்தி வைக்கும் குழிகள் வரிசை வரிசையாக இருந்தன. பாதிக் குழிகளில் தூசி இல்லை. ஆனால் அவற்றிலிருந்து நாயகம் ஒன்றும் எடுக்கவில்லை.

"மிச்ச ரவையள் எங்கை?"

நாயகம் பெட்டியை மூடினார்.

"அண்ணை."

"நேசன் கொண்டு போயிட்டான்."

"ஆர் நேசன்?"

"மனிசியின்ர தம்பி. அண்டைக்கு அவன்தான் வாசலிலை வந்து நிண்டவன். அதுதான் ரோச் அடிச்சுப் பாக்கேல்லை."

"இப்ப எங்கை அவர்?"

"ஏரிக்கரைக் கொட்டிலிலை. முயல் சுடப் போனவன்."

ரீச்சர் ஈயச் சட்டியின் மின்சாரத்தை நிறுத்தினார்.

"இஞ்சை உள்ளதெல்லாம் சரியா வர உங்களுக்குச் சந்தோசம் வந்தது," என்றார். "ஏன் வந்தது எண்டு எனக்கு விளங்கேல்லை."

நாயகத்துக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. பிழையான ரவை இந்தப் பாதியில் இல்லை. அப்படியென்றால்… அவர் பாட்டு முணுமுணுத்திருந்தார். ஒவ்வொரு தட்டலுக்கும் அது நேசனின் பக்கம் தள்ளிப்போயிருந்தது. அவர் பாட்டு முணுமுணுத்திருந்தார்.

"போன் எடுங்கோ."

"அங்கை சிக்னல் வராது."

"அப்ப கார்."

நாயகம் எழுந்தார். கதவுவரை போனார். திரும்பி வந்தார்.

"ரீச்சர், உங்களுக்கு அவனைத் தெரியாது. பெறாமகளின்ர கலியாணத்திலை, பந்தியிலை வைச்சு, 'எங்கட அத்தான் ரவை பக்டரி நடத்திறார், மலிவுக்குத் தருவார்' எண்டு பகிடி விட்டவன். முழுச் சனமும் சிரிச்சது. அவனே இந்த முறை வந்து, 'அத்தான், எனக்கும் கொஞ்சம் தாங்கோ' எண்டு கேட்டான். முதல்முறையா. வாயாலை கேட்டான். இப்ப நான் போய்…"

அவர் கைகளை விரித்தார். மடக்கினார்.

"என்னெண்டு சொல்லுறது, ரீச்சர்?"

ரீச்சர் காலையில் வார்த்த குண்டுகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு பக்கத்தில் சின்னச் சுருக்கம். அதை இன்னும் ஆறாத சட்டிக்குள் போட்டார். குண்டு ஈயத்தின் மேல் சற்று நின்றது. பிறகு வடிவம் இளகி, சட்டியோடு சேர்ந்துவிட்டது.

"நான் கேட்டதுக்கு மறுமொழி?" என்றார் நாயகம்.

ரீச்சர் இன்னொன்றை எடுத்தார். அதிலும் சுருக்கம். அதையும் போட்டார்.

நாயகம் கார்ச் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

பாதை முழுக்கப் பனி. வேகமாகப் போனால் வழுக்கும். மெதுவாகப் போனால் பிந்தும். நாயகம் வேகமாகவும் போனார், மெதுவாகவும் போனார்.

அவன் இன்னும் எழும்பியிருக்க மாட்டான் என்று நினைத்தார். நேசன் விடிய எழும்புகிறவன். இன்றைக்கு முயல் வந்திராது என்று நினைத்தார். முயல் வராவிட்டால் அவன் தகரத்தை வைத்துச் சுடுகிறவன்.

எதிரே நீல வெளிச்சம் சுழல ஒரு வண்டி வந்தது. நாயகத்தின் கால் பிரேக்கிலும் இல்லை, வேறெதிலும் இல்லை. வண்டி கடந்து போனது. பனி வழிக்கிற வண்டி.

இரவு விழுந்த பனியில், கொட்டிலுக்குப் போகும் ஒழுங்கையில் கார் இறங்கவில்லை. விட்டுவிட்டு நடந்தார். முழங்கால்வரை பனி.

மரங்களுக்குப் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது.

நாயகம் ஓடினார். விழுந்தார். எழுந்து, வாய்க்குள் போன பனியோடே கத்தினார்.

"சுடாதை! நேசன், சுடாதை!"

நேசன் மரக்குற்றியொன்றின் அருகே துவக்கோடு நின்றான். முழுசாக நின்றான். துவக்கை உடனே நிலத்தை நோக்கித் தாழ்த்தினான்.

"அத்தான்? என்ன, அக்காவுக்கு ஏதும்…?"

"ரவை." நாயகத்துக்கு மூச்சு வாங்கியது. "நான் தந்த ரவை. ஒண்டிலை மருந்தை ரெண்டு தரம் போட்டிட்டன் போலை. நீ வந்து நிண்டாய். உனக்குக் குடுக்கிற அவசரத்திலை நான் பாக்கேல்லை. என்ர பிழை. ஒண்டையும் சுடாதை."

நேசன் திரும்பி, தன் கார்ப் பக்கம் நடந்தான். டிக்கியைத் திறந்து, மீன்பிடிச் சாமான்களுக்குக் கீழே கையை விட்டு, ஒரு பொதியை எடுத்தான்.

நாயகம் சுற்றிக் கொடுத்த ஒட்டுநாடா அப்படியே இருந்தது.

"நான் கடை ரவைதான் சுடுறனான், அத்தான்."

"என்ர?"

"ஒண்டும் எடுக்கேல்லை."

"அப்ப ஏன்ரா கேட்டு வாங்கினனீ?"

நேசன் ஏரியைப் பார்த்தான். ஏரி உறைந்து கிடந்தது.

"அக்கா சொன்னவ. கேட்டு வாங்கினால் அத்தான் சந்தோசப்படுவார் எண்டு."

நாயகம் பொதியை வாங்கிக்கொண்டார். நேசன் கொட்டிலைக் காட்டித் தேத்தண்ணி குடிக்கச் சொன்னான். நாயகம் குடிக்கவில்லை.

ஜெயவதி ஈயச் சட்டியை மூடி வைத்திருந்தார். தராசும் மரக்குற்றியும் மட்டும் மேசையில் இருந்தன. கதவு இன்னும் பாதி திறந்தபடி.

நாயகம் சப்பாத்தைத் தட்டாமலே வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லிக்கொண்டே உடைக்கத் தொடங்கினார்.

"அவன் சுடவே இல்லை, ரீச்சர்."

தட்டினார். கொட்டினார். முள் கோட்டில் நின்றது.

"என்ர முகத்துக்காக வாங்கினவனாம். மனிசி சொல்லிக் குடுத்திருக்கிறாள். எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

தட்டினார். சரி.

"நான் அதை எவ்வளவு பெரிசா நினைச்சுக்கொண்டு திரிஞ்சன் தெரியுமே? படுக்கேக்கைகூட அதை நினைச்சுச் சிரிச்சனான்."

தட்டினார். சரி.

"நம்பேல்லை. ஒரு ரவையைக்கூட நம்பேல்லை. அவ்வளவுதான் நான்."

தட்டினார். கொட்டினார்.

மருந்து தட்டில் விழுந்தது. விழுந்து முடிந்திருக்க வேண்டிய நேரத்திலும் விழுந்தது. தராசு முள் மேலே போய் முட்டி நின்றது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

நாயகம் சுத்தியலை மேசையில் வைத்தார். அது உருண்டது. ரீச்சர் பிடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மிச்சத்தையும் உடையுங்கோ. ஒண்டைக் கண்டதோடை நிப்பாட்டக்கூடாது."

நாயகம் உடைத்தார். இப்போது பேசவில்லை. கடைசி ரவைவரை எல்லாம் சரி.

ரீச்சர் மருந்தைத் தகரத்துக்குள் கொட்டி மூடினார்.

"வெளிக்கிடேக்கை ஏதும் சொன்னவரோ, உங்கட மச்சான்?"

"ஓம். பின்னாலை நிண்டு கூப்பிட்டவன். அடுத்த முறை செய்யேக்கை தனக்கும் ஒரு பெட்டி தரட்டாம். அதைச் சுடுறதுக்குத்தானாம்." நாயகம் உதட்டைப் பிதுக்கினார். "வேறென்ன, பகிடிதான். நான் திரும்பியும் பாக்காமல் வந்திட்டன்."

"சொல்லேக்கை சிரிச்சவரோ?"

நாயகம் யோசித்தார்.

"இல்லை," என்றார். "அவன் சிரிக்கேல்லை."