கரடி கண்டெடுத்த அம்மன்

ஒரு காட்டில், கருங்கல் குன்றின் உச்சியில், பாழடைந்த கோட்டை ஒன்று இருந்தது. அரசர்கள் போனபின் விலங்குகள் அங்கே குடியேறிவிட்டன. மதில் இடுக்கில் உடும்பு, கொத்தளத்தில் மயில், குதிரை லாயத்தில் மான்கள். இடிந்த நெற்களஞ்சியத்தை ஒட்டிய குகையில் கருமணி என்ற தாய்க்கரடி தன் குட்டியோடு வாழ்ந்தது.

குன்றின் அடிவாரத்தில் ஓர் ஊர். பல நூறு ஆண்டுகளுக்கு முன் எதிரிப் படை வந்தபோது, அவ்வூரார் தங்கள் அம்மன் சிலையைக் கோட்டைக்குள் எடுத்துவந்து புதைத்தார்கள். புதைத்தவர்கள் எல்லாரும் போரில் மாண்டுபோனார்கள். இடம் எது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

அன்று முதல் ஊர்க்கோயிலில் பீடம் மட்டும்தான். ஆனாலும் ஆடி பிறந்தால் ஊரார் பறை முழங்கக் குன்றேறி வருவார்கள். பொங்கல் வைத்து, கோட்டையைப் பார்த்து, "தாயே, வீட்டுக்கு வா" என்று அழைப்பார்கள். பிறகு வெறுங்கையோடு இறங்கிப்போவார்கள். இது விலங்குகள் எல்லாவற்றுக்கும் தெரிந்த கதை.

ஒருநாள் கருமணி களஞ்சியத்துக்குள் வளர்ந்திருந்த கரையான் புற்றைத் தோண்டியது. நகம் எதன்மீதோ பட்டு 'ணங்' என்றது. மண்ணை விலக்கிப் பார்த்தால், ஐம்பொன்னில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு குழந்தை.

குட்டி நெருங்கிப்போய் அந்தக் குழந்தையின் மூக்கை முகர்ந்தது. கருமணி தன் குட்டியைச் சுத்தம் செய்வதுபோலவே, இருவர் முகத்திலும் அப்பியிருந்த மண்ணை நக்கித் துடைத்தது.

செய்தி நரிக்கு எட்டியது. உடனே அது விலங்குகளைக் கூட்டியது. மனிதருக்கு இது தெரிந்தால் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்து கோட்டையிலேயே தங்கிவிடுவார்கள், நம் பிழைப்பு போய்விடும் என்று பயமுறுத்தியது. சிலையைத் தழையால் மூடித் தானே காவல் இருப்பதாகவும் சொன்னது. காவல் இருப்பவன் இரை தேடிப் போக முடியாதல்லவா? அதனால் எல்லாரும் முறைவைத்து அதற்கு உணவு கொண்டுவர வேண்டுமாம்.

விலங்குகள் பயந்துபோய் ஒப்புக்கொண்டன. குட்டியை நினைத்துக் கருமணியும் வாயைத் திறக்கவில்லை. நரி களஞ்சிய வாசலில் படுத்துத் தின்று கொழுத்தது.

ஆடி வந்தது. கீழிருந்து பறையொலி எழும்பிக் குன்றெல்லாம் அதிர்ந்தது. விலங்குகள் மூலைக்கொன்றாய் ஓடி ஒளிந்தன. கருமணியும் குகைக்குள் ஒண்டியது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் குட்டி இல்லை.

புதருக்குப் புதர் தேடியது. அகழிக்குள் எட்டிப் பார்த்தது. குட்டிக்கு மட்டும் புரியும் குரலில் கூப்பிட்டது. பதில் இல்லை. அந்த நேரத்தில்தான் கோட்டை வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. செங்கமலம் என்ற கிழவி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று, அழைத்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, எங்கே இருக்கே? எங்களோடு வந்துடு."

தானும் இப்போது இப்படித்தானே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று கருமணிக்குத் தோன்றியது.

கடைசியாகக் களஞ்சியத்துக்குள் ஓடியது. பறையொலி கேட்டதும் முதலில் ஓடிப்போனது காவல்கார நரிதான். வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளே, தழையை விலக்கிக்கொண்டு, அம்மன் மடிமேல் தலைவைத்துக் குட்டி சுருண்டு கிடந்தது. பயந்த நேரத்தில் அதன் கண்ணில் பட்ட தாய் அவள்தான்.

கருமணி குட்டியை அணைத்து, நடுக்கம் அடங்கும்வரை நக்கிக்கொடுத்தது. குட்டி முதுகில் ஏறிக்கொண்டதும், சிலையை இரு கைகளாலும் தழுவி வெளியே இழுத்தது.

பின்சுவர் ஓட்டைவழியே நரி தலையை நீட்டியது. "கருமணி, உனக்குப் பைத்தியமா? கண்டெடுத்தது நீ. இது நம் சொத்து."

கருமணி நின்றது. "சற்றுமுன் என் குட்டியைக் காணோம். அதை நீ கண்டெடுத்திருந்தால் அது உன் குட்டி ஆகியிருக்குமா?"

நரி மெல்லத் தலையை வெளியே இழுத்துக்கொண்டது.

கருமணி இழுத்தும் உருட்டியும் சிலையை வாசல் படிவரை கொண்டுவந்தது. அங்கே நிமிர்த்தி வைத்துவிட்டுப் புதருக்குள் மறைந்துகொண்டது.

அழைத்து ஓய்ந்து இறங்கப்போன செங்கமலம், கல்லில் உலோகம் உரசும் ஓசை கேட்டுத் திரும்பினாள். பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முதலில் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள், பிறகு தாயின் முகத்தை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஊரார் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். பறை அடிப்பதையும் மறந்து நின்றார்கள்.

அம்மனைத் தோளில் சுமந்துகொண்டு அவர்கள் இறங்கினார்கள். நரி சொன்னதுபோல் கடப்பாரையோடு ஒருவரும் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டவளைத் தேடி யார் குன்றேறுவார்கள்? கோட்டையில் மான்கள் நிம்மதியாக மேய்ந்தன. நரி பழையபடி தானே இரை தேடப் போனது.

அன்று மாலை கருமணி குட்டியைச் சுமந்துகொண்டு மதில்மேல் ஏறி நின்றது. அடிவாரத்தில் பெண்கள் குலவையிடும் ஒலி அலையலையாக மேலே வந்தது. அதைக் கேட்டபடியே குட்டி முதுகில் தூங்கிப்போனது. அது விழித்துவிடக் கூடாதென்று கருமணி நெடுநேரம் அசையாமல் நின்றது.

நீதி: கண்டெடுத்த பொருளை ஒளித்து வைக்காதே, அதைத் தேடித் தவிப்பவர் கையில் சேர்த்துவிடு.