தர மறுத்த சாவி

கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். அதனால் யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையின் மேலே ஒரு சிறிய மருத்துவமனை. அங்கே டாக்டர் எஸ்தர். வீடு அடிவாரத்தில் என்பதால் தினமும் தன் காரிலேயே மலையேறி இறங்குவார். ஒரு மழை நாளில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், முன்சக்கரம் சேற்றில் வீணாகச் சுற்ற, கார் பின்னோக்கி நழுவிப் பள்ளத்தின் ஓரத்தில் போய் நின்றது. கார் நின்ற பிறகுதான் கவனித்தார்: வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு அவர் முன்னால் எரிந்துகொண்டிருந்தது.

அடிவாரத்து மெக்கானிக் ஹக்கீம் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்.

"நாலு சக்கரத்துலயும் ஒவ்வொரு சென்சார் இருக்கு டாக்டரம்மா. எது எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு மட்டும் வழுக்கிச் சுத்தினா, உங்க கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள காரே அந்த ஒரு சக்கரத்தைப் பிடிச்சிரும். இப்ப பின்பக்க இடது சக்கரத்துலேருந்து தகவல் வரல. அதான் எல்லாத்தையும் நிறுத்திட்டு விளக்கைப் போட்டிருக்கு."

இத்தனை வருடமாக ஒவ்வொரு வளைவிலும் தனக்குத் தெரியாமல் இப்படி ஒன்று கண்விழித்துக் கூடவே வந்திருக்கிறதா! எஸ்தர் குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தார்.

ஹக்கீம் சென்சாரை மாற்றினார். விளக்கு அணைந்தது. மறுநாள் மூன்றாவது வளைவில் மறுபடி எரிந்தது. எஸ்தர் காரைத் திருப்பிக்கொண்டு வந்து சாவியை ஹக்கீம் கையில் வைத்தார்.

"பழுது தீராம இதை என்கிட்ட தராதீங்க பாய். அவசரம்னு நானே வந்து கெஞ்சினாலும் தராதீங்க. எனக்கு என்னைத் தெரியும்."

"தரமாட்டேன். இது என் வாக்கு."

இரண்டு நாள் கழித்து, மதியம், கொட்டும் மழையில் எஸ்தர் பட்டறைக்கு ஓடி வந்தார். மருத்துவமனையிலிருந்து நர்ஸ் அழைத்திருந்தாள். பவளாயி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போகிறது. ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு சேலம் போயிருக்கிறது.

"சாவியைக் குடுங்க பாய்."

"இன்னும் சரியாகல."

"நான்தானே வாக்கு வாங்கினேன்? நானே விடுவிக்கிறேன். குடுங்க!"

ஹக்கீம் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறு கையால் போனை எடுத்து, பக்கத்து ஊர் ஜீப்காரரை உடனே வரச் சொன்னார். அவர் வந்து சேர அரை மணி நேரமாகும். "அதுக்குள்ள கார் சரியானா கார். இல்லேன்னா ஜீப்."

பட்டறையின் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பொற்கொடி அப்போது காரடியில் படுத்திருந்தாள். புது சென்சாரிலிருந்து உள்ளே போகும் வயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்திருந்தாள். மீட்டர் விடாமல் 'பீப்' என்று ஒலித்தது. வயர் எங்கும் அறுபடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

"பாய், சக்கரம் ஜாக்கியில தொங்குது. ரோட்டுல இப்படியா இருக்கும்? வண்டியை இறக்குங்க."

இறக்கினார்கள். ஒலி நிற்கவில்லை. "இப்ப பின்னாடி ஏறி நல்லா அமுக்குங்க." எஸ்தர் டிக்கியில் ஏறி உட்கார்ந்தார், ஹக்கீம் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினார். காரின் பின்புறம் தாழ்ந்தது. ஒலி சட்டென்று நின்றது. கையை எடுத்ததும் மறுபடி ஒலித்தது.

பொற்கொடி வயரை விரலால் தடவிப் பார்த்தாள். வயரின் மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு மட்டும் அறுந்திருந்தது. நேராகத் தொங்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டன. வளைவில் கார் சாய்ந்து வயர் மடங்கும்போது பிரிந்தன.

பொற்கொடி அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயரை வைத்துப் பற்றவைத்தாள். தெருவில் நூறு அடி ஓட்டியதும் விளக்கு அணைந்தது. ஹக்கீம் சாவியைக் கொடுத்தபோது எஸ்தர் வந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஜீப் இன்னும் வரவில்லை.

பதினோராவது வளைவில் மண் சரிந்து ரோடெல்லாம் சேறு. இடது முன்சக்கரம் வழுக்கியது. மஞ்சள் விளக்கு படபடவென்று சிமிட்டியது; இந்த முறை பழுது என்று அல்ல, வேலை செய்கிறேன் என்று. அடியில் கரகரவென்று ஓர் ஒலி. யாரோ அந்த ஒற்றைச் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டது போலிருந்தது. கார் ஒரு விநாடி தயங்கி, பின் நேராக மேலே ஏறியது. எஸ்தர் அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது. நான்கு நிமிடம் அழவில்லை. பிறகு அழுதது. தாயும் பிழைத்தாள்.

ஆனால் பட்டறையில் நடந்ததை அறிந்ததும் பவளாயியின் கணவன் எஸ்தரிடம் கேட்டான்: "அந்த இருபத்திரண்டு நிமிஷத்துல என் புள்ள போயிருந்தா?"

இப்போது சொல்லுங்கள். வாக்கு வாங்கியவரே விடுவித்த பிறகும் ஹக்கீம் சாவியைத் தர மறுத்தாரே, அது சரியா?

விடை: சரிதான். கார் சரியாகிவிட்டது என்பதற்காக அல்ல. அது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. 'கெஞ்சினாலும் தராதீங்க' என்று நிதானத்தில் இருந்த எஸ்தர் போட்ட முடிச்சை, பதற்றத்தில் இருந்த எஸ்தரால் அவிழ்க்க முடியாது. மேலும், மறுத்த கையோடு ஹக்கீம் ஜீப்பை வரச் சொன்னார். அவர் தடுத்தது சாவியைத்தான், டாக்டரை அல்ல. பவளாயியின் கணவனுக்கு எஸ்தர் சொன்ன பதிலும் இதுவே: "அடுத்த தடவையும் நான் கேட்பேன்பா. அடுத்த தடவையும் அவர் தரக் கூடாது."