வெள்ளெலியும் கீறல் விழுந்த டேப்லெட்டும்

காட்டு ஏரிக்கரையில் ஒரு வெள்ளெலி வளை தோண்டிக் குடியிருந்தது. போன ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தபோது அதன் குட்டிகள் இரண்டை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. இந்த வருஷம் ஆறு குட்டிகள். ஒன்றைக்கூட விடப்போவதில்லை என்று அது தீர்மானமாக இருந்தது.

ஏரியைக் காவல் காக்கும் நீர்நாய் இந்த முறை ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தது. தண்ணீர் கரையைத் தொடும் முன்பே, டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பிவிடும். அதற்கென்றே ஓர் ஆப்.

ஆடி மாதமே வெள்ளெலி மரங்கொத்தியின் கடைக்குக் கிளம்பிவிட்டது. பழைய டேப்லெட்டுகளைப் பழுது நீக்கி விற்பது மரங்கொத்தியின் தொழில். பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும்! பக்கத்து வளைப் பெருச்சாளியும், "எனக்கும் ஒண்ணு வேணும்" என்று கூடவே வந்தது.

கடையில் மிஞ்சியிருந்தவை இரண்டே இரண்டு.

"இது எட்டாம் தலைமுறை, அது ஒன்பதாம் தலைமுறை. ரெண்டுமே சாதாரண ரகந்தான். விலையும் ஒண்ணுதான், ஒரு கொட்டாங்கச்சி கரையான்!" என்றது மரங்கொத்தி.

எட்டாவது பளபளவென்று மின்னியது. ஒன்பதாவதின் முதுகில் நீளமாக ஒரு கீறல்.

"எதுல நிறைய இடம் இருக்கு?" என்று கேட்டது பெருச்சாளி.

"எட்டுல. நாலு மடங்கு."

"அப்போ பேச்சே இல்ல! அதை எனக்குக் கட்டு!"

பெருச்சாளிக்கு எதைப் பார்த்தாலும் 'இதில் எவ்வளவு கொள்ளும்?' என்றுதான் தோன்றும். வளை முழுக்க நெல்லாக நிரப்பியது போதாதென்று, பின்வாசலையும் நெல்லால் அடைத்து வைத்திருந்த ஆசாமி அது.

வெள்ளெலிகளின் வழக்கம் வேறு. புது வளை என்றால் உள்ளே போகும் வழியைப் பார்ப்பதற்கு முன், வெளியே வரும் வழியைத்தான் பார்க்கும். அந்தப் பழக்கத்திலேயே அது கேட்டது: "அண்ணாச்சி, இதெல்லாம் எப்போ நின்னுபோகும்?"

மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. "பத்து வருஷமா கடை வச்சிருக்கேன். நிக்கிற நாளை நீதாம்மா முதல்ல கேக்குற! எட்டுக்குப் புரட்டாசியோட அப்டேட் நின்னுடும். அப்புறமும் படம் ஓடும், பாட்டு ஓடும். நீர்நாயோட ஆப் ஓடாது. ஒன்பதுக்கு இன்னும் நாலு மழைக்காலத்துக்குக் கவலையில்ல."

"கேட்டீங்களா அண்ணே?"

"அட போ தங்கச்சி! அந்தக் கீறலைப் பார்த்து ஊரே சிரிக்கும். செய்தி உனக்கு வந்தா எனக்குச் சொல்லாமலா போயிடுவ?"

"சிரிக்கட்டும். கீறல் என் குட்டிகளைக் கடிக்கப்போறதில்ல!" என்று ஒன்பதாவதை வாங்கிக்கொண்டு நடந்தது வெள்ளெலி.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் பிற்பகல் கீறல் விழுந்த டேப்லெட் அலறியது: "தண்ணீர் வருகிறது! மேட்டுக்குப் போங்கள்!"

வெள்ளெலி ஒரு கணமும் தாமதிக்கவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, பின்வாசல் வழியாகப் பனைமேட்டில் கொண்டுபோய் வைத்தது. ஆறும் பத்திரம்! அதற்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் பெருச்சாளியைக் காணோம் என்று உறைத்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், பெருச்சாளி வளையின் முன்வாசல் தண்ணீருக்குள் இருந்தது. உள்ளே ஏதோ சண்டைப்படம் ஓடும் சத்தம்.

"அண்ணே! தண்ணி வந்துடுச்சு!" என்று பின்வாசலில் நின்று கத்தியது.

"ஐயோ, காலெல்லாம் நனையுது! வெளிய வர வழியில்லையே தங்கச்சி!"

"வழி இருக்கு! நீங்கதான் நெல்லைப் போட்டு அடைச்சிருக்கீங்க! உள்ளயிருந்து தள்ளுங்க, நான் இழுக்குறேன்!"

வெள்ளெலி நெல்லை வாரி வாரி எறிந்தது. மூக்கு வந்தது, தலை வந்தது, தொப்பை மட்டும் மாட்டிக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே எம்பு! பெருச்சாளி வெளியே வந்து விழுந்தது. மறு நிமிஷமே வளை முழுவதும் மூழ்கியது. நெல்லும் போயிற்று, பளபள டேப்லெட்டும் போயிற்று.

பனைமேட்டில் பெருச்சாளி நடுங்கிக்கொண்டே புலம்பியது. "நாலு மடங்கு இடம் இருந்துச்சு தங்கச்சி. ஒரே ஒரு செய்திக்கு இடமில்லாமப் போச்சே!"

வெள்ளெலி அதன் உடம்பைத் திருப்பிப் பார்த்தது. விலாவில் நீளமாக ஒரு கீறல்.

"கீறல் கிடக்கட்டும் அண்ணே. மூச்சு ஓடுதுல்ல, அது போதும்!"

எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் கேட்டு வாங்குகிறவன் ஏமாறுவான். எதுவரை கைகொடுக்கும் என்று கேட்டு வாங்குகிறவனே பிழைப்பான்.